வாசகர் கேள்வி – பதில்: டியூடர் அரியணையும் மாறிய விசுவாசங்களும்

இங்கிலாந்தை ஆண்ட டியூடர் வம்சத்தின் அரசவையை மையமாகக் கொண்ட தொடர்களையும் நாடகங்களையும் பார்த்த வாசகர்கள் பலர், அரியணை கைமாறும் காட்சிகளைப் பற்றிக் கேட்டு எழுதியிருக்கிறார்கள். ஒன்றோடொன்று தொடர்புடைய கேள்விகளைத் தேர்ந்தெடுத்து இந்த இதழில் விடை தருகிறேன்.

கேள்வி: நேற்று ஒருவர் முன் மண்டியிட்டு உறுதிமொழி எடுத்த பிரபு, இன்று இன்னொருவர் முன் மண்டியிடுகிறார். உண்மையிலேயே அவர்கள் இவ்வளவு நிலையற்றவர்களா? அல்லது நாடகத்துக்காகக் கூட்டிச் சொல்கிறார்களா?

பதில்: மாறினார்கள் என்பது உண்மை. நாடக ஆசிரியர்கள் அதைக் கூட்டிச் சொல்லவில்லை. ஆனால் பெரும்பாலான நாடகங்கள் சொல்லாமல் விட்டுவிடுவது ஒன்று உண்டு: பிரபுக்கள் மாறுவதற்கு முன்பே சட்டம் மாறிக்கொண்டிருந்தது.

1534-இல் நாடாளுமன்றம் இயற்றிய முதல் வாரிசுரிமைச் சட்டம், எட்டாம் ஹென்றிக்கும் அவருடைய முதல் மனைவி அரகானின் கேதரினுக்கும் பிறந்த மேரியை ஒதுக்கிவிட்டு, இரண்டாம் மனைவி ஆன் போலினின் பிள்ளைகளுக்கே பட்டம் என்றது. அப்போது இருந்த ஒரே பிள்ளை, முந்தைய ஆண்டு செப்டம்பரில் பிறந்த எலிசபெத். இதை ஏற்று வயது வந்த குடிமக்கள் உறுதிமொழி எடுக்க வேண்டும் என்றும் அந்தச் சட்டம் கட்டளையிட்டது. அதை எடுக்க மறுத்துச் சிறை சென்ற தாமஸ் மோரும் ஜான் ஃபிஷரும், மன்னரைத் திருச்சபையின் தலைவராக ஏற்க மறுத்த குற்றத்துக்காக 1535-இல் தலை வெட்டப்பட்டார்கள். மறு ஆண்டு மே மாதத்தில் ஆன் போலினின் தலையும் உருண்டது. இரண்டாவது வாரிசுரிமைச் சட்டம் வந்து, எலிசபெத்தையும் முறையற்ற பிள்ளை என்று அறிவித்தது. 1534-இல் எலிசபெத்தின் பெயரால் உறுதிமொழி எடுத்த ஒருவர், அதே சொற்களை 1536-இன் இறுதியில் திரும்பச் சொல்லியிருந்தால் அது ராஜத்துரோகம். பிறகு 1544-இல் மூன்றாவது சட்டம் வந்து இரண்டு மகள்களையும் வாரிசு வரிசையில் மீண்டும் சேர்த்தது. பத்தே ஆண்டுகளில் மூன்று முறை அடியோடு மாறிய ஒரு கடமைக்கு எப்படி விசுவாசமாக இருப்பது என்பதுதான் அந்த மனிதர்களின் உண்மையான சிக்கல். அதைப் புரிந்துகொள்ளாமல் அவர்களைப் பச்சோந்திகள் என்று தள்ளிவிடுவது நியாயமில்லை என்பது என் கருத்து.

இந்தக் குழப்பம் டியூடர் வம்சம் தோன்றிய நாளிலேயே இருந்தது. 1485 ஆகஸ்ட் 22 அன்று போஸ்வொர்த் போர்க்களத்தில் மூன்றாம் ரிச்சர்ட் கொல்லப்பட்டதும் மன்னரான ஏழாம் ஹென்றி, தன் ஆட்சி ஆகஸ்ட் 21 அன்றே தொடங்கியதாகக் கணக்கு வைத்தார். அந்த ஒரு நாள் வித்தியாசத்தால், முடிசூடிய மன்னருக்காகப் போரிட்ட வீரர்கள் அனைவரும் துரோகிகள் ஆனார்கள். அதே போரில் கடைசி நேரத்தில் ஹென்றியின் பக்கம் பாய்ந்து வெற்றியைத் தேடித் தந்தவர் சர் வில்லியம் ஸ்டான்லி. பட்டத்துக்கு உரிமை கோரிய பெர்கின் வார்பெக்கை ஆதரித்த குற்றத்துக்காக 1495-இல் அவரையே ஹென்றி கொன்றார். அதே ஆண்டில்தான், அந்தந்தக் காலத்தில் அரியணையில் இருக்கும் மன்னருக்குப் பணியாற்றியவரைப் பின்னாளில் துரோகி என்று தண்டிக்கக் கூடாது என்று ஒரு சட்டமும் வந்தது. அரியணை மறுபடியும் கைமாறக்கூடும் என்ற அச்சம் ஆளுங்கூட்டத்துக்கே இருந்ததை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: எட்டாம் ஹென்றி மகள்களை மீண்டும் வாரிசாக்கினார் என்கிறார்கள், ஆனால் அவர்களை முறையான பிள்ளைகள் என்று அறிவிக்கவில்லை என்றும் சொல்கிறார்கள். இது முரண்பாடு இல்லையா?

பதில்: முரண்பாடுதான், ஆனால் தெரிந்தே வைத்துக்கொண்ட முரண்பாடு. இரண்டு மகள்களும் ஒரே நேரத்தில் முறையான பிள்ளைகளாக இருக்க வழியில்லை. மேரியை முறையானவர் என்றால் கேதரினோடு நடந்த திருமணம் செல்லும்; அது செல்லுமானால், கேதரின் உயிரோடு இருந்தபோது ஆன் போலினோடு நடந்த திருமணம் செல்லாது. மகன் எட்வர்டோ சிறுவன். ஹென்றி பிரான்சின் மீது படையெடுக்க ஆயத்தமாகிக்கொண்டிருந்தார். எனவே 1544-ஆம் ஆண்டின் சட்டம் பிறப்பைப் பற்றி வாய் திறக்காமல், எட்வர்டுக்குப் பின் மேரி, மேரிக்குப் பின் எலிசபெத் என்று மட்டும் சொல்லிவிட்டது. அவர்களுக்கு அடுத்து வரவேண்டியவரைத் தன் உயிலில் குறிப்பிடும் அதிகாரத்தையும் மன்னருக்குத் தந்தது. 1546 டிசம்பர் 30 தேதியிட்ட அந்த உயிலில், ஸ்காட்லாந்து அரச குடும்பத்தில் மணமுடித்த தன் மூத்த சகோதரி மார்கரெட்டின் வழியை ஹென்றி விட்டுவிட்டு, இளைய சகோதரியான மேரியின் வழியைச் சேர்த்தார்.

இதன் விளைவு பெரிது. அரியணை இரத்தத்தால் மட்டும் வருவதில்லை, நாடாளுமன்றச் சட்டத்தாலும் வரும் என்ற எண்ணம் இங்கிலாந்தில் வேரூன்றியது. அடுத்து வரும் கேள்விகளுக்கெல்லாம் விடை இதிலிருந்தே தொடங்குகிறது.

கேள்வி: ஹென்றி இறந்த செய்தியைச் சில நாள்கள் மறைத்து வைத்தார்களாமே?

பதில்: ஆம். 1547 ஜனவரி 28 அன்று அவர் இறந்தார். 31 அன்றுதான் செய்தி வெளியானது. அந்த இடைவெளியில் எட்வர்டின் தாய்மாமன் எட்வர்ட் சீமோர், சிறுவனைத் தன் பொறுப்பில் கொண்டுவந்துவிட்டார். உயில் 16 பேரை நிர்வாகிகளாக நியமித்திருந்தது. எவரையும் தனிப் பாதுகாவலராக்கவில்லை. ஆனால் சில நாள்களுக்குள் சீமோர் நாட்டின் பாதுகாவலரும் சாமர்செட் பிரபுவும் ஆனார். மற்ற நிர்வாகிகளுக்கும் பட்டங்களும் நிலங்களும் கிடைத்தன. ஐந்தாண்டுகள் கழித்து, 1552 ஜனவரியில், அவர் தலையும் வெட்டப்பட்டது.

கேள்வி: ஜேன் கிரே கதையில், ஒரே காட்சியில் பிரபுக்கள் எல்லோரும் மேரியின் பக்கம் போய்விடுகிறார்கள். உண்மையில் என்ன நடந்தது?

பதில்: ஒரே காட்சியில் நடக்கவில்லை, ஆனால் 1553 ஜூலை மாதத்தின் இரண்டு வாரங்களுக்குள் நடந்து முடிந்துவிட்டது. நான் மிகவும் விரும்பிப் படிக்கும் பகுதி இது என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

ஆறாம் எட்வர்டுக்கு அப்போது வயது 15, நோய் முற்றிவிட்டது. சீர்திருத்தத் திருச்சபையில் ஆழ்ந்த பற்றுக் கொண்ட அந்த இளைஞர், கத்தோலிக்கரான மேரியிடம் நாடு போகக் கூடாது என்று நினைத்தார். பட்டத்துரிமை பற்றி அவர் தன் கையாலேயே எழுதிய திட்டம் இன்றும் லண்டனில் இன்னர் டெம்பிள் நூலகத்தில் இருக்கிறது. முதலில் அவர், ஹென்றியின் இளைய சகோதரி மேரியின் பேத்தியான ஜேன் கிரேக்குப் பிறக்கும் ஆண் பிள்ளைகளுக்கே பட்டம் என்றுதான் எழுதினார். அப்படி ஒரு பிள்ளை பிறக்கும்வரை தன் உயிர் தாங்காது என்று தெரிந்ததும் அந்த வரியைத் திருத்தி, ஜேனுக்கும் அவருடைய ஆண் பிள்ளைகளுக்கும் என்று மாற்றினார். ஜேன் அந்த மே மாதத்தில்தான் நார்தம்பர்லாண்ட் பிரபு ஜான் டட்லியின் மகன் கில்ஃபோர்டை மணந்திருந்தார். நார்தம்பர்லாண்ட்தான் அப்போது அரசின் கடிவாளத்தைப் பிடித்திருந்தவர் என்பதால், எல்லாம் அவருடைய சூழ்ச்சியே என்று நாடகங்கள் காட்டுகின்றன. அவருடைய பங்கு பெரிதுதான். ஆனால் எட்வர்டை வெறும் பொம்மையாகக் காட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஜூன் மாதத்தில் நீதிபதிகளை கிரீன்விச் அரண்மனைக்கு வரவழைத்து, இந்தத் திட்டத்தைச் சட்ட ஆவணமாக்கச் சொன்னபோது, தலைமை நீதிபதி எட்வர்ட் மாண்டேகு, நாடாளுமன்றச் சட்டத்தை மன்னரின் தனி ஆணையால் மாற்ற முடியாது, முயல்வதே ராஜத்துரோகம் என்று சொல்லிப் பார்த்தார். நார்தம்பர்லாண்ட் கோபத்தில் நடுங்கியபடி, இந்த விவகாரத்துக்காகக் கவசமின்றி வெறும் சட்டையோடு நின்று எவரோடும் மோதத் தயார் என்று கத்தியதாக மாண்டேகுவே பின்னர் எழுதிவைத்தார். மரணப் படுக்கையிலிருந்த மன்னரும் கடுமையாகப் பேசவே, மன்னிப்பு உத்தரவு ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு மாண்டேகு பணிந்தார். நூற்றுக்கு மேற்பட்டோர் அந்த ஆவணத்தில் கையெழுத்திட்டார்கள்.

ஜூலை 6 அன்று எட்வர்ட் இறந்தார். 10 அன்று ஜேன் அரசியாக அறிவிக்கப்பட்டபோது லண்டன் மக்களிடம் ஆரவாரம் இல்லை. அதே நாளில், நார்ஃபோக்கிலுள்ள கென்னிங்ஹாலிலிருந்து மேரி எழுதிய கடிதம், அரசின் ஆலோசனைக் குழுவான பிரிவி கவுன்சிலுக்கு வந்து சேர்ந்தது: தானே முறையான அரசி, தன்னை உடனே அறிவியுங்கள் என்பது அதன் சாரம். மேரிக்கு அந்தப் பகுதியில் பெரும் நிலங்களும் ஆதரவாளர்களும் இருந்தார்கள். நார்தம்பர்லாண்டோ 1549-இல் அங்கே கெட் என்பவரின் தலைமையில் எழுந்த கிளர்ச்சியை அடக்கி மக்களின் வெறுப்பைச் சம்பாதித்தவர். மேரி ஃபிராம்லிங்கம் கோட்டைக்குள் நுழைந்தபோது நாலாபுறத்திலிருந்தும் ஆள்கள் திரண்டார்கள். அவர் கடல் வழியே தப்பிவிடாமல் தடுக்க அனுப்பப்பட்ட கப்பல்களின் மாலுமிகளும் அவர் பக்கமே சேர்ந்துவிட்டார்கள்.

மேரியைப் பிடிக்க நார்தம்பர்லாண்ட் தானே படையோடு புறப்பட வேண்டியதாயிற்று. விடைபெறும்போது அருண்டெல் பிரபு அவரிடம், உங்களோடு வந்து உங்கள் காலடியில் என் இரத்தத்தைச் சிந்தும் பேறு எனக்கு வாய்க்கவில்லையே என்று வருந்தினாராம். இந்த அருண்டெலைத்தான் சில ஆண்டுகளுக்கு முன் நார்தம்பர்லாண்ட் லண்டனின் கோபுரக் கோட்டையில் அடைத்து வைத்திருந்தார். படை 14 அன்று லண்டனை விட்டுக் கிளம்பியது. 19 அன்று அருண்டெலும் பெம்புரோக்கும் மற்ற கவுன்சில் உறுப்பினர்களும் பெம்புரோக்கின் இல்லமான பேய்னார்ட்ஸ் கோட்டையில் கூடி, மேரியே அரசி என்று முடிவு செய்து சீப்சைட் வீதியில் அறிவித்தார்கள். இந்த முறை மணிகள் முழங்கின. தெருக்களில் சொக்கப்பனை கொளுத்திக் கொண்டாடினார்கள். ஜேன் மணமுடித்த அதே நாளில் அவர் தங்கை கேதரினைத் தன் மகனுக்கு மணம்செய்து வைத்திருந்த பெம்புரோக், அந்தத் திருமணத்தையும் விரைவில் முறித்துவிட்டார். ஜேனின் தந்தையே, ஜேன் தங்கியிருந்த கோபுரக் கோட்டைக்கு வெளியே மேரியின் பெயரை அறிவித்துவிட்டு, மகளின் இருக்கைக்கு மேலிருந்த அரச விதானத்தைத் தன் கையால் கழற்றினார் என்பார்கள். கேம்பிரிட்ஜில் செய்தி அறிந்த நார்தம்பர்லாண்ட், சந்தைத் திடலில் தொப்பியை வானில் எறிந்து மேரி அரசிக்கு வாழ்த்துக் கூறினார். அவரைக் கைது செய்ய வந்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? அதே அருண்டெல்தான். ஆகஸ்ட் 22 அன்று நார்தம்பர்லாண்ட் கொல்லப்பட்டார்.

அருண்டெலின் பழிவாங்கும் எண்ணமோ பெம்புரோக்கின் அச்சமோ மட்டும் மேரியை அரசியாக்கவில்லை. அந்தக் கூட்டத்தில் இருந்த ஒவ்வொருவருக்கும் 1544-ஆம் ஆண்டின் சட்டம் தெரியும். அந்தச் சட்டப்படியான வாரிசு வரிசையைக் குலைப்பது ராஜத்துரோகம் என்று 1547-இல் வந்த இன்னொரு சட்டமும் தெரியும். எட்வர்டின் ஆவணத்தை நாடாளுமன்றம் உறுதி செய்யவேயில்லை. ஆகவே அவர்கள் ஜூலை 19 அன்று துரோகத்திலிருந்து சட்டத்துக்குத் திரும்பினார்கள் என்றும் சொல்லலாம்.

கேள்வி: ஜேன் கிரேயை அரசிகளின் வரிசையில் சேர்க்கலாமா? எத்தனை நாள் ஆண்டார்?

பதில்: ஜூலை 10 முதல் 19 வரை; ஒன்பது நாள் அரசி என்றே வரலாறு அவரை அழைக்கிறது. முடிசூட்டு விழா நடக்கவில்லை. நவம்பரில் ராஜத்துரோகக் குற்றவாளி என்று தீர்ப்பாகியும் மேரி அவரை உடனே கொல்லவில்லை. மறு ஆண்டு மேரிக்கு எதிராக எழுந்த தாமஸ் வயட்டின் கிளர்ச்சியில் ஜேனின் தந்தை சேர்ந்ததே மகளின் உயிருக்கு எமனாயிற்று. 1554 பிப்ரவரி 12 அன்று ஜேனும் கணவரும் கொல்லப்பட்டார்கள்.

கேள்வி: இத்தனை மாற்றங்களையும் தாண்டி, பதவியும் தலையும் போகாமல் இருந்தவர் எவராவது உண்டா?

பதில்: ஒருவரல்ல, பலர் உண்டு. முதலில் சொல்ல வேண்டியவர் வின்செஸ்டர் பிரபு வில்லியம் பாலெட். 1550-இல் கருவூலத் தலைவரானவர், எட்வர்ட், மேரி, எலிசபெத் மூவரின் கீழும் அந்தப் பதவியில் இருந்து, 1572-இல் முதிர்ந்த வயதில் இயற்கையாக இறந்தார். இடையில் ஜேனிடம் கிரீடத்தைக் கொண்டுபோய், அணிந்து பார்க்கச் சொன்னவரும் அவரே. உங்கள் கணவருக்கும் ஒன்று செய்யலாம் என்று அவர் சொன்னதும், கில்ஃபோர்டை மன்னராக்க ஜேன் மறுத்துவிட்டார். எப்படி இவ்வளவு காலம் நிலைத்தீர்கள் என்று கேட்டவர்களிடம், நான் ஓக் மரமல்ல, வளைந்து கொடுக்கும் வில்லோ மரத்தின் வழிவந்தவன் என்று பாலெட் சொன்னதாக ஒரு செய்தி வழங்கிவருகிறது. அவர் நிலைத்ததற்கு வளைந்து கொடுத்தது மட்டும் காரணமில்லை. கஜானாக் கணக்கை அறிந்த ஒருவரை எந்த அரசும் எளிதில் இழக்க விரும்பாது.

வில்லியம் செசிலும் எட்வர்டின் ஆவணத்தில் கையெழுத்திட்டவர். வெறும் சாட்சியாகவே கையெழுத்திட்டேன் என்று பிறகு விளக்கம் சொன்னார். மேரியின் ஆட்சியில் கத்தோலிக்க வழிபாட்டில் கலந்துகொண்டு ஒதுங்கி இருந்தார். 1558 நவம்பரில் எலிசபெத் அரசியானபோது அவருடைய முதல் செயலாளர் செசில்தான். பாலெட், அருண்டெல், பெம்புரோக் மூவருக்கும் எலிசபெத்தின் பிரிவி கவுன்சிலில் இடம் கிடைத்தது.

கேள்வி: இவ்வளவையும் கண்கூடாகக் கண்ட எலிசபெத், தனக்கு அடுத்தவர் யார் என்று கடைசிவரை சொல்லாதது பொறுப்பற்ற செயல் அல்லவா?

பதில்: நாடாளுமன்றமும் அவரிடம் ஏறக்குறைய இதையேதான் கேட்டது. 1562 அக்டோபரில் அவர் பெரியம்மை கண்டு பிழைத்த பிறகு, வாரிசைச் சொல்லுங்கள் என்று இரு அவைகளும் வற்புறுத்தின. 1566-இல் மறுபடியும் வற்புறுத்தின. அவர் சொல்லவில்லை.

அவருடைய காரணத்தை, 1561-இல் ஸ்காட்லாந்துத் தூதர் மெயிட்லண்டிடம் பேசியபோது வெளிப்படுத்தினார். வாரிசை அறிவிப்பது, உயிரோடு இருக்கும்போதே என் பிணத்துணியை என் கண் முன் விரிப்பதற்குச் சமம் என்றார். மக்கள் இருக்கும் ஆட்சியை வெறுத்து அடுத்து வரப்போகிறவரையே நாடுவார்கள் என்பதையும், அக்காள் மேரியின் காலத்தில் தன்னைத் தேடி வந்தவர்களைக் கொண்டு தானே அறிந்ததையும் சொன்னார். 1558-இல் மேரி நோயில் கிடந்தபோது, ஹாட்ஃபீல்டில் இருந்த எலிசபெத்தை நோக்கி அரசவையே நகர்ந்துகொண்டிருந்தது. தான் மேரிக்குச் செய்தது தனக்கும் நேரும் என்று அவர் அஞ்சியதில் வியப்பில்லை. பொறுப்பற்ற செயல் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அதற்கான விலையைப் பிறர் கொடுத்தார்கள். ஹென்றியின் உயிலின்படி அடுத்த வாரிசான, ஜேனின் தங்கை கேதரின் கிரே, அனுமதியின்றி எட்வர்ட் சீமோரின் மகனை மணந்துகொண்டதற்காக 1561-இல் சிறைப்பட்டு, காவலிலேயே 1568-இல் இறந்தார். வாரிசு விவகாரத்தை விடாமல் எழுப்பிய நாடாளுமன்ற உறுப்பினர் பீட்டர் வென்ட்வொர்த்தும் கோபுரக் கோட்டையிலேயே உயிர் விட்டார்.

அரசவை தன் வழியைத் தானே தேடிக்கொண்டது. 1601 முதல், செசிலின் மகன் ராபர்ட் செசில், அரசிக்குத் தெரியாமல் ஸ்காட்லாந்தின் ஆறாம் ஜேம்ஸோடு இரகசியக் கடிதங்கள் பரிமாறினார். அவற்றில் அரசிக்கு 24, ஜேம்ஸுக்கு 30, செசிலுக்கு 10 என்று எண்களே பெயர்கள். 1603 மார்ச் 24 அன்று அதிகாலையில் எலிசபெத் இறந்த சில மணி நேரத்துக்குள் ஜேம்ஸ் மன்னராக அறிவிக்கப்பட்டார். ராபர்ட் கேரி குதிரையேறி 26 அன்று இரவு எடின்பரோவில் செய்தியைச் சேர்த்தார். ஹென்றி உயிலில் விட்டுவிட்ட மார்கரெட்டின் வழியே ஒரு துளி இரத்தமும் சிந்தாமல் அரியணைக்கு வந்துவிட்டது.

கேள்வி: இந்தக் காலத்தை வைத்து மேடை நாடகம் எழுதிக்கொண்டிருக்கிறேன். எல்லோரும் ஜேனையும் நார்தம்பர்லாண்டையும் எழுதிவிட்டார்கள். அதிகம் பேசப்படாத ஒருவரைச் சொல்ல முடியுமா?

பதில்: நீதிபதி சர் ஜேம்ஸ் ஹேல்ஸை எழுதுங்கள். மாண்டேகு பணிந்தபோதும் பணியாமல், எட்வர்டின் ஆவணத்தில் கையெழுத்திட மறுத்தவர் அவர். ஹேல்ஸ் சீர்திருத்தத் திருச்சபையைச் சேர்ந்தவர். ஜேன் அரசியாவதே அவருடைய சமயத்துக்கு நல்லது. ஆயினும் நாடாளுமன்றச் சட்டப்படி பட்டம் மேரிக்கு உரியது என்பதால் மறுத்தார். மேரி அரசியானதும் அவருக்குப் பரிசு கிடைத்திருக்க வேண்டும். ஆனால், எட்வர்டின் காலத்து வழிபாட்டுச் சட்டம் இன்னும் நீக்கப்படவில்லை என்று சொல்லி, கென்ட் மாவட்ட நீதிமன்றத்தில் கத்தோலிக்கப் பூசைக்கு எதிராக அதையே அமல்படுத்தினார். இரண்டு முறையும் அவர் பார்த்தது ஏட்டில் இருந்த சட்டத்தை மட்டுமே. ஆயர் கார்டினர் அவரைக் கண்டித்தார், சிறை வைத்தார்கள், சிறையில் பலர் மாறி மாறி வந்து சமயத்தைத் துறக்க வற்புறுத்தினார்கள். மனம் உடைந்து இணங்கிய ஹேல்ஸ் விடுதலையானார். ஆனால் 1554-இல் ஊருக்கருகே ஓடையில் மூழ்கி உயிரை மாய்த்துக்கொண்டார். தற்கொலை அக்காலத்தில் குற்றம் என்பதால் அவருடைய சொத்தை அரசு எடுத்துக்கொண்டது. அவர் மனைவி மார்கரெட் அதை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். ஒருவர் தன்னைக் கொன்றுகொள்ளும் குற்றம் அவர் உயிரோடு இருக்கும்போது முழுமையடைகிறதா, இறந்த பிறகா என்று அந்த வழக்கில் நீண்ட வாதம் நடந்தது. தீர்ப்பு மார்கரெட்டுக்கு எதிராகவே அமைந்தது. உங்கள் நாடகத்தின் கடைசி அங்கத்தை அந்த நீதிமன்றத்தில் வையுங்கள். ஹேல்ஸ் தன் வாழ்நாளெல்லாம் நம்பிய சட்டமே அவர் மனைவியிடமிருந்து நிலத்தைப் பிடுங்குவதை அங்கே நேருக்கு நேர் காட்டலாம்.